வலைக்கு முன்னால் ஒன்பது வருஷம்

எதிரில் கல் மாதிரி ஒரு பந்து பறந்து வந்தால் விலகிக்கொள்வதுதான் மனுச சுபாவம். விலகாமல் நிற்பதற்கென்றே பயிற்சி எடுத்து அதற்குச் சம்பளமும் வாங்குகிற தொழில், ஹொக்கி கோல் கீப்பர் தொழில்.

அந்தத் தொழிலை ஒரு காப்புறுதிக் கம்பனியின் பெண்கள் அணிக்காக ஒன்பது வருஷம் செய்தேன். பிறந்தது கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். வார நாளில் கம்பனியின் ஹட்டன் கிளையில் கவுண்டர் வேலை, சனி ஞாயிறில் கொழும்பில் விழுந்து எழும்புகிற வேலை. கவுண்டருக்குப் பின்னாலும் கரும்பலகைக்கு முன்னாலும் பஸ் மிதிபலகையிலும் நின்று, அடுத்தவர் எறிவதையெல்லாம் வாங்கிக்கொள்கிற என் இனத்து ஆட்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

வாய் பிளந்த சப்பாத்து

பள்ளிக்கூடத்தில் ஹொக்கி அணிக்கு ஆள் எடுத்த அன்று நான் போய் நின்றது முன்வரிசை ஆட்டக்காரியாக. ஓட்டத்தில் என்னை முந்த அந்த வகுப்பில் ஆள் கிடையாது. ஆனால் என் வலது சப்பாத்து, ஓட ஓட முன்பக்கம் வாயைத் திறந்து மூடி, தவளை மாதிரி சத்தம் போட்டது. ரெண்டு சுற்று ஓடியதும் மற்றப் பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டு என் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

விளையாட்டு மிஸ் சிரிக்கவில்லை. சாமான் அறைக்குள் போய், கோல் கீப்பர் கட்டுகிற ரெண்டு பெரிய பஞ்சுப் பேட்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரைக்கும் மூடுகிற சாமான். அதை என் காலில் கட்டிவிட்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "சப்பாத்து வெளிய தெரியாத எடம் இந்த டீம்ல ஒன்னுதான் இருக்கு, சுகந்தி. போய் நில்லு."

டிக்கட் வேண்டாத பயணி

கோல் கீப்பர் ஆனபின் தெரிந்துகொண்ட முதல் உண்மை, மற்றவர்கள் ஒரு மட்டையோடு பயணம் போவார்கள், நாம் ஒரு குடும்பத்தோடு போக வேண்டும் என்பது. ஹெல்மட், மார்புக் கவசம், பேட், கையுறை எல்லாம் சேர்ந்து என் பை ஒரு ஆள் உயரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை விடிகாலை ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறி, அதைப் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்தேன். கண்டக்டர் வந்தார். சீட்டில் இருப்பது ஆளாக இருந்தாலும் பையாக இருந்தாலும் டிக்கட் எடுக்கத்தான் வேண்டுமென்றார். உள்ளே விளையாட்டுச் சாமான்தான் என்றேன். அவர் நம்பவில்லை, திறந்து காட்டச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மழையில் ஒரு முறை நனைந்த பேட் பிறகு காய்வதே இல்லை. அந்த வாரம் முழுக்க மழை. ஈரம், வேர்வை, வாடகை அறையில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டதால் ஏறிய புகை, எல்லாம் அந்தப் பைக்குள் ஒற்றுமையாகக் குடியிருந்தன. நான் ஜிப்பைப் பாதிதான் இழுத்தேன். முன் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். கண்டக்டர் ஒரு அடி பின்னால் போய், மூக்கைப் பொத்திக்கொண்டு, சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுகிற மாதிரிக் கெஞ்சினார்: "நங்கி, டிக்கட் வேணாம். பேக்கை மட்டும் மூடிருங்க."

கவுண்டரில் ஒரு கறுப்புக் கண்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிர் அணிக்காரியின் முழங்கை என் ஹெல்மட்டில் மோத, ஹெல்மட் திரும்பி அதன் கம்பியே என் கண்ணில் இடித்தது. திங்கட்கிழமை இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்க, கையிலும் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவர் டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானா. விபத்துக் காப்புறுதி எடுக்க வந்திருந்தார்.

நான் மனப்பாடமாக ஒப்பிக்க ஆரம்பித்தேன். விபத்து யாருக்கும் எப்போதும் வரலாம், முன்கூட்டியே பாதுகாத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், இத்யாதி. நானா என் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் கண்ணைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய படிவத்தை மெதுவாக என் பக்கமே தள்ளினார்: "தங்கச்சி, மொதல்ல ஒங்களுக்கு ஒன்னு எழுதுங்க. எனக்கு அவசரமில்ல."

அம்மா பூசிய விபூதி

அம்மா என் ஆட்டத்தைப் பார்த்தது ஒரே ஒரு முறை, நுவரெலியாவில். அன்று கொழுந்து பறிக்கப் போகாமல், நல்ல சேலை உடுத்தி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார். வந்தவர் நேராக ஒரு கோலுக்குப் போய், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ரெண்டு கம்பத்திலும் விபூதி பூசிவிட்டு, பக்கத்திலேயே கல்லில் உட்கார்ந்துகொண்டார். அது எதிர் அணியின் கோல். லேசான மூட்டம் வேறு. ஹெல்மட் மாட்டினால் எல்லாக் கோல் கீப்பரும் ஒரே ஆள்தான். ஆகவே முதல் பாதி முழுக்க அம்மா எதிர் அணிக் கீப்பரைப் பார்த்து "முருகா, எம்புள்ள" என்று கும்பிட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் அடித்த அடியில் பந்து ரெண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்றும் உள்ளே போகவில்லை.

பாதி நேரத்தில் நான் மைதானத்தின் அடுத்த முனையிலிருந்து ஹெல்மட்டைக் கழற்றிக்கொண்டு வந்ததும் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம். இத்தனை நாளைக்குப் பிறகு ஒரு முறை வந்து, அதுவும் அடுத்த அணிக்கா என்று கேட்டேன். அம்மாவுக்குக் கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற எதிர் அணிக் கீப்பர் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாரு பெத்த புள்ளையா இருந்தா என்னடி, அடி படாம இருக்கட்டும்னுதான் கும்பிட்டேன்."

காணாமல் போன பந்து

ஒன்பதாவது வருஷம் கம்பனி ஒரு கடிதம் அனுப்பியது. இறுதி ஆட்டத்துக்குப் போனால் அணி இருக்கும், இல்லாவிட்டால் கலைக்கப்படும். நானும் இன்னும் சிலரும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அணி போனால் வேலையும் போகும். அப்படியொரு நினைப்போடு அரையிறுதியில் நின்றேன். ஒன்றுக்குப் பூச்சியம் என்று நாங்கள் முன்னால். கடைசி நிமிஷத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கோர்னர் கிடைத்தது. அதாவது எங்கள் பக்கம் என்னோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம், எதிரே அவர்கள் ஊரே நிற்கும்.

அடி விழுந்தது. நான் இடது பக்கம் பாய்ந்தேன். காலில் பட்ட மாதிரி இருந்தது. எழும்பிப் பார்த்தால் பந்தைக் காணோம். வலைக்குள் இல்லை, வெளியிலும் இல்லை. பத்துப் பேர் தரையைப் பார்த்து ஓடுகிறார்கள். எங்கள் தலைவி டில்ருக்‌ஷி, வலப்பனைச் சிங்களப் பெண், தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவாள், அவள் என்னைக் கட்டிப் பிடித்துத் துள்ளுகிறாள். அப்போதுதான் நடுவர் என் காலைக் காட்டினார். பந்து என் பேட்டுக்கும் அதன் வாருக்கும் நடுவில் சொருகிக்கொண்டு, தாய் மடியில் இருக்கிற மாதிரி பத்திரமாக இருந்தது.

சட்டம் என்னவென்றால், தடுக்கிறவர் உடுப்பில் பந்து சிக்கினால் இன்னொரு பெனால்டி கோர்னர். அது உள்ளே போய் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. ஆளுக்கு ஆள் ஓடிவந்து அடிக்கிற முறையில் முடிவு பார்த்தார்கள். அதிலும் தோற்றோம். பேட்டைக் கழற்ற மனமில்லாமல் கோலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் நான் செய்த நல்ல தடுப்பு அதுதான், அதுவே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. டில்ருக்‌ஷி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. என் தோளில் இடித்தாள்: "நீ பிடிச்சது குத்தமில்ல சுகந்தி. திருப்பிக் குடுக்காததுதான் குத்தம்."

கொத்மலையிலிருந்து ஒரு அம்மா

அணியைக் கலைத்த கடிதம் வந்த நாள், கவுண்டரை விட்டு உள்ளே போய் என் மேசை இழுப்பறையைக் காலி பண்ணி ஒரு பையில் போட்டேன். சீப்பு, கண்ணாடி, தைலம், கட்டுத் துணி. ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கொத்மலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மலையில் விழுந்து கால் உடைந்த மகனுக்காகக் காப்புறுதிப் படிவம் நிரப்ப வேண்டும். சிங்களத்தில் இருந்த படிவம். பக்கத்துக் கவுண்டரில் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. போன முறை எழுதிக் கொடுத்த உயரமான பிள்ளை எங்கே என்று என்னைத்தான் கேட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மனேஜர் சேர் தன் அறை வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறார். பெஞ்சில் அந்த அம்மாவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், எல்லோருமே எனக்காகக் காத்திருப்பவர்கள். சேர் தலைமை ஒப்பீசுக்கு அப்போதே போன் பண்ணி, சிங்களத்தில் நெடுநேரம் சண்டை பிடித்தார். பிறகு வெளியே வந்து, மேசை மேல் இருந்த என் பையைத் தூக்கித் தரையில் வைத்தார்: "டீம் போனா போகட்டும் மிஸ். இந்த அம்மாவெல்லாம் ஒங்களத்தானே கேக்குறாங்க, ஒக்காருங்க."

மொத்தத்தில் கோல் கீப்பர் என்பவர் தோற்ற நாளில் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வருகிற ஆள், ஆகையால் என் பெயரை இதற்கு முன் நீங்கள் கேள்விப்பட்டதே இல்லையென்றால், நான் பரவாயில்லாமல்தான் ஆடியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.