கீறலில் ஒட்டிய தேதிகள்

பச்சை வேர் அறுபட்ட வாசனை. கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தோப்பில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுகிறார்கள். தூறல் விழுந்ததும் வாசனை ஜன்னல் வரை வந்துவிட்டது. நான் அவசரமாக ஜன்னலைச் சாத்துவதைத் தோப்புக்காரர் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, மண்ணைக் கண்டு பயப்படற ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன்."

மலை சரியும் முன் இப்படித்தான் மணக்கும். இடுக்கித் தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். அங்கே, நான் பிறந்த லயத்தில், அக்கா இன்னும் கொழுந்து பறிக்கிறாள். ஒரே கூரையின் கீழ் ஆறு வீடு, முதுகில் மலை: அதுதான் லயம். இன்று காலையும் போனை எடுத்தாள். நாளை சனிக்கிழமை, காலையில் எடுக்க வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நான் பஸ் ஏறிவிடுவேன்.

போன சனிக்கிழமை அவளை அழைத்துவரத்தான் போனேன். ஊர் என்பது ஒரே ஒரு வளைந்த தெரு. மேலே கோயில், நடுவில் பள்ளிவாசல், ஆற்றோரம் மாதா கோவில், வெள்ளைக்காரர் கல்லறைகளில் பாசி. எங்கள் முப்பாட்டன்மார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கணவாய் ஏறி நடந்து வந்து காடு வெட்டினார்கள். அவர்களுக்கும் முன்பே மலையில் இருந்த முதுவான் பழங்குடிகள் சந்தை நாளில் தேனோடு இறங்குவார்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கு இறங்கிப் போக, காலியான வீடுகளில் ஜார்க்கண்டுக்காரர்கள். அன்றைக்கு எல்லாப் பாஷையிலும் பேச்சு மழை ஒன்றுதான். டீக்கடைச் சேட்டன் கிளாஸை வைத்துவிட்டு மலையைக் காட்டினார். "வயறு நிறஞ்சு, மாஷே. இனி சர்த்திக்கும்." வாந்தி எடுக்குமாம். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். பின்சுவரில் கீறல் கண்டால் அதன் குறுக்கே ஒரு காலண்டர் தாளைக் கஞ்சிப்பசையில் ஒட்டிவைப்போம். தாள் முழுசாக இருந்தால் மலை சும்மா இருக்கிறது. கிழிந்தால் நகர்கிறது. கண்டவர் ஓடிப்போய் முற்றத்துத் தகரத்தைத் தட்ட வேண்டும், ஆறு வீடும் இறங்கிவிட வேண்டும்.

அக்காவின் அடுப்படிச் சுவரில் தாள் முழுசாக இருந்தது. நிம்மதியாகத் தொட்டேன். அட்டைபோல் தடித்திருந்தது. ஓரத்தை உரித்தேன். அடியில் இன்னொரு தாள், நடுவில் கிழிந்தது. அதற்கடியில் இன்னொன்று. பதினொரு தேதிகள் கிழிந்து கிடந்தன.

"எக்கா, என்ன இது?"

"கத்தாதலே. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்! தகரம் எதுக்குத் தொங்குது?"

"தட்டுனா எஸ்டேட்டுக்காரன் லயம் ஆபத்துன்னு எழுதிப் பூட்டிருவான். எனக்கு ரிட்டையராக ஒரு வருசம் கெடக்கு. வேற லயத்துல கேட்டா, போற கெழவிக்கு எதுக்கு வீடும்பான்."

"என் வீடு இருக்குல்ல?"

"இருக்கு. நாலாம் நாள் உன் பொண்டாட்டி காப்பி டம்ளரை நங்குன்னு வைப்பா."

பக்கத்து வீட்டில் சொல்லப் போனேன். ஜார்க்கண்ட் பெண் கைக்குழந்தையோடு கதவை மறித்து நின்றாள். அவள் தோளுக்கு மேலே தெரிந்தது, சுவரில் ஒரு தாள், அட்டைபோல் தடித்து.

"சொல்லாதீங்கண்ணா," என்றாள், அக்காவிடம் கற்ற தமிழில்.

மூன்றாவது வீட்டை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தகரத்தடியில் போய் நின்றேன். தட்டுகிற இரும்புக் கம்பி கையில் சில்லென்றிருந்தது. தட்டினால் ஆறு குடும்பத்துக்குக் கூரை இல்லை. தட்டாவிட்டால் என்பதை மனம் முடிக்க மறுத்தது. கம்பியைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்து ஒரு பொருளை வைத்ததில்லை.

கடைசி ஜீப் ஹாரன் அடித்தது. அக்கா குடையோடு கூடவே வந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை வருவேன்க்கா. நீ என்ன சொன்னாலும் தட்டத்தான் போறேன்."

ஜீப் நகர்ந்தது. அவள் குடையைச் சாய்த்துக்கொண்டு ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்தபடி நாலடி ஓடிவந்தாள்.

"வரும்போது உங்க ஊர்க் காலண்டர் ஒண்ணு கொண்டாலே. இங்க தாள் தீந்துபோச்சு."