அம்சவேணி வீட்டு விரல்

அம்சவேணியின் கட்டைவிரல் வளைந்து முன்கையைத் தொடும். மற்ற விரல்கள் புறங்கைப் பக்கம் வில்லாக வளையும். தறியில் புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான நெடுக்கு இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் அந்த வேலைக்கு முதலில் கூப்பிடுவது அவளைத்தான்.

சபாபதி பெண் பார்க்க வந்த அன்று அவள் அம்மா இந்திராணி, காப்பி கொடுத்த கையோடு மகளின் விரல்களை வளைத்துக் காட்டினாள்.

"எங்க வூட்டு விரலு இது. செத்துப்போன என் தம்பி பஞ்சாட்சரத்துக்கும் இப்படித்தான். என் புள்ள லோகேஷுக்கும் இருக்குது."

நெசவு வீட்டுக்கு இதைவிடப் பெரிய சீர் எது? அன்றைக்கே தாம்பூலம் மாற்றினார்கள். இந்திராணி காட்டாமல் விட்டதும் ஒன்று உண்டு.

அம்சவேணிக்கு எங்கே லேசாக இடித்தாலும் கன்றிக் கறுத்துப்போகும். மாதவிலக்கு வந்தால் பத்து நாளாவது போகும். "உடம்பு சூடு, வெந்தயத்த ஊற வெச்சிக் குடிமா" என்பாள் அம்மா. குடித்தாள். இரண்டு முறை கரு கலைந்தது. மூன்றாவது நிற்கும் என்று காமாட்சிக்கு வேண்டிக்கொண்டு காத்திருந்தாள்.

முப்பத்திரண்டு வயதில் ரத்தப்போக்கு எழுந்திருக்க முடியாதபடி ஆகிவிட்டது. ஒரு நர்சிங் ஹோமில் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். கேட்க வேண்டியதையும் கேட்டார்கள்: குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காமல் போனதுண்டா?

"அப்படி யாருக்கும் இல்லீங்க" என்று இந்திராணி முந்திக்கொண்டாள். அம்மாவுக்குத் தெரியாததா என்று அம்சவேணியும் தலையாட்டினாள். அந்த வாரம்தான் லோகேஷுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள்.

கருப்பையை எடுத்தார்கள். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுபோய், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி எப்படியோ பிழைக்க வைத்தார்கள்.

அதன் பிறகு எத்தனையோ பரிசோதனைகள். ஐந்தாறு மாதம் கழித்து, ரத்த நோய் மருத்துவர் பிரியதர்ஷினி அவளையும் இந்திராணியையும் எதிரில் உட்கார வைத்து விளக்கினார். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. ஒன்றோடொன்று ஒட்டத்தான் மாட்டேன் என்கின்றன. ரத்தக்குழாய்களையும் மூட்டுகளையும் தாங்கும் நார்த்திசுவே பிறவியிலிருந்து இளக்கம். அந்த விரல்கள் வளைவதும் அதனால்தான்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையில கட்டுப்படுத்திப் பாத்திருப்போம். கருப்பைய எடுக்காமலே போயிருக்கலாம். இது பரம்பரையா வர்றது. விரல் இப்படி வளையற வேற யாராவது வீட்ல இருக்காங்களா?"

"மாமா இருந்தாரு. நெஞ்சு வலியில செத்துட்டாரு" என்றாள் அம்சவேணி.

இந்திராணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நெஞ்சு வலி இல்ல" என்றாள் கடைசியில். "பல்லு புடுங்கினான். மூணு நாளா ரத்தம் நிக்கவே இல்ல."

அம்சவேணி அம்மா பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு ஏம்மா இல்லன்னு சொன்ன?"

"பொண்ணு வூட்டுக்காரங்க உன்னப் பாக்க ஆஸ்பத்திரிக்கு வந்துக்கினு இருந்தாங்க. காதுல விழுந்தா லோகேஷுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? உனக்கு இவ்ளோ ஆகும்னு நான் கண்டேனாம்மா?"

பத்து மாதம் சுமந்து பெற்றவள், மகளின் வயிற்றை விலையாகக் கொடுத்து மகனுக்குக் கல்யாணம் முடித்திருக்கிறாள். வேறு எந்தச் சொல்லாலும் இதை மெழுக முடியாது.

"உங்க தம்பி லோகேஷையும் வரச் சொல்லணும். அவர் பிள்ளைகளுக்கும் வரலாம். போன் நம்பர் குடுங்க" என்றார் மருத்துவர்.

இந்திராணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் பொண்டாட்டி நாலு மாசம்மா. இப்ப போய் வேணாம். உன் கூடப் பொறந்தவன்மா."

"தெரியும்மா" என்றாள் அம்சவேணி. "நான் உனக்கு யாரு?"

இந்திராணி பிடியைத் தளர்த்தினாள். அம்மா பிடித்த இடத்தில் ஐந்து விரலின் தடமும் கன்றிச் சிவந்திருந்தது. அம்சவேணி அந்தக் கையை உருவிக்கொண்டு, தம்பியின் நம்பரை ஒவ்வோர் எண்ணாக நிதானமாகச் சொன்னாள்.