வெயில் படாத பெயர்

மார்த்தாண்டத்தில் ஸ்டிக்கர்க்காரர் எங்கள் புதுக் காரின் பின்கதவில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். மகளின் பெயரை ஒட்ட வந்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் பழைய வேனின் ஸ்டிக்கரைச் சூடாக்கி உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பசையின் நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

ரப்பர் ஷீட் ஏற்றும் அப்பாவின் நீல டெம்போவின் கதவில், மேலே ஜெனி, கீழே ஜெபின் என்று மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. என் பெயர்தான் மேலே வரவேண்டும் என்று ஆறு வயதில் அடம்பிடித்து வாங்கியவள் நான். தம்பி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்துக் காய்ச்சலில் அவன் இறந்துபோனான். டெம்போ சத்தம் கேட்டாலே அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருநாள் அப்பா என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்குப் போனார்.

“அவனுக்க பேரை மட்டும் இளக்கிப்போடணும் அண்ணா. இவளுக்க அம்மைக்கு அதைப் பாக்க முடியல்ல.”

கடைக்காரர் சூடுகாட்டி ஒவ்வோர் எழுத்தாக உரித்து, பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். கதவு முழுக்க வெயிலில் வெளுத்திருந்தது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் பழைய நீலம் மாறாமல் இருந்தது. ஜெபின் என்று தெளிவாக வாசிக்க முடிந்தது.

“மேல பெயின்ட் அடிச்சா மறையும்.”

“வேண்டாம், கெடக்கட்டு,” என்றார் அப்பா.

அன்று முதல் டெம்போவை ரோட்டு முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வந்தார்.

“பிள்ளைக்க பேரு சொல்லுங்கக்கா,” என்று புதுக் காரின் அருகே நின்ற ஸ்டிக்கர்க்காரர் கேட்டார்.

“ஒண்ணும் ஒட்டண்டாம். அந்தத் தண்ணியைத் தொடச்சிருங்க,” என்றேன்.