தொண்டையில் இருந்தது பஞ்சு இல்லை

முதலில் கருப்பட்டிக்கு ருசி போயிற்று.

ஷிப்டு முடிந்ததும் ஒரு துண்டு கருப்பட்டி வாயில் போடுவது எங்கள் மில்லில் வழக்கம். நான் புளோ ரூமில் (பஞ்சுப் பொதியை உடைத்துக் கலக்கும் இடம்) வேலை செய்கிறேன். வீடு விக்கிரமசிங்கபுரம். ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் அந்தச் சின்ன நூல் மில் வரும். இருபத்தாறு வருஷமாகப் போகிறேன். உள்ளே காற்றே வெள்ளையாக இருக்கும். புருவத்தில் பஞ்சு, காது மடலில் பஞ்சு. தொண்டைக்குள் போனதைக் கருப்பட்டி இழுத்துக்கொண்டு இறங்கும் என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நான் சொன்னேன்.

கருப்பட்டி இழுக்காததைப் பிராந்தி கழுவும். இதையும் சொன்னேன்.

மூன்றரைக்கு ஷிப்டு முடியும். நாலு மணிக்குப் பிராந்திக் கடையில் நிற்போம், நானும் சுடலைமுத்துவும். சுடலைமுத்து கார்டிங்கில் (பஞ்சைச் சீவும் மெஷின்) இருக்கிறார். என் வயதுதான். முதலில் ஆளுக்கு ஒரு குவார்ட்டர். பிறகு அது போதவில்லை. மில்காரன் குடிப்பது மருந்து, மற்றவன் குடிப்பதுதான் குடி என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு.

கருப்பட்டி மண் மாதிரி இருந்த அந்த வாரத்தில் ஒரு நாள், பல் தேய்க்கும்போது நாக்கில் வெள்ளையாகப் பார்த்தேன். நாக்கு வழிக்கும் தகட்டால் சுரண்டினேன். திட்டுத் திட்டாக வந்தது. வந்த இடம் சிவந்து எரிந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் சுடலையிடம் சொன்னேன்.

"நாக்க நீட்டும்வே."

நீட்டினேன்.

"எம்மா, ஒரு பொதியே உள்ள கெடக்கு. இத வச்சு ரெண்டு கோன் நூலு ஓட்டலாம்வே."

இரண்டு பேரும் சிரித்தோம்.

"இருவத்தாறு வருசத்துப் பஞ்சுல்லா. ஒண்ணுக்குக் கழுவுமா? கூட ஒண்ணு சேத்து ஊத்தும்" என்றார்.

கூட ஒன்று சேர்த்து ஊற்றினேன். வாயில் வைத்துக் கொப்பளித்து, அதையும் விழுங்கினேன். எரிந்தது. எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்தேன். இப்போது விழுங்க முடியாமல் இதைப் படித்துக்கொண்டிருப்பவர் யாராவது இருந்தால், நான் செய்ததைச் செய்ய வேண்டாம்.

மருந்துக் கடையில் தொண்டை வலி என்று சொல்லி மாத்திரை வாங்கினேன். டாக்டர் சீட்டு எதுவும் இல்லை. தின்றேன், மேலே பிராந்தியும் குடித்தேன். வெள்ளை கூடியது. வயிறு உப்பி நின்றது. காலையில் மூன்று தடவை, நாலு தடவை வெளியே போயிற்று. விழுங்கினால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கத்தி இறங்குவது போல் இருக்கும். சோறு போய்க் கஞ்சியானது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

என் மனைவி இசக்கியம்மாள் பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம மில்லு லீவுதான?"

"ஆமா."

"அன்னைக்கும் வெள்ள வருதே. லீவு அன்னைக்கும் பஞ்சு வாயிலயா மொளைக்கும்?"

"ஒன் சோலியப் பாரு" என்றேன்.

அவள் சோலியைப் பார்த்தாள். அவள் கேட்டதில் எல்லாம் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை வெறும் தண்ணீர் இறங்கவில்லை. துப்பினேன். இசக்கி பீடித் தட்டைத் தூக்கி மூலையில் வைத்தாள். அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். இரண்டு மணி நேரப் பயணம். இரண்டு பேர் மனதிலும் ஒரே நோயின் பெயர் இருந்தது. இரண்டு பேரும் சொல்லவில்லை. தொண்டையில் அது வந்தவர்களை நாங்கள் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

பெரிய ஆஸ்பத்திரி நடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். எச்சிலைத் துண்டில் துப்பிக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டார்கள். இளவயது டாக்டரம்மா. நாக்கை அமுக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குடிப்பீங்களா ஐயா?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும் குடிக்காம இருப்பாவ டாக்டரம்மா" என்றாள் இசக்கி.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எவ்வளவு என்று என்னைக் கேட்டார். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு குவார்ட்டர் என்றேன். இசக்கி என்னைப் பார்த்தாள். வெளியாள் முன்னால் அவள் அதற்கு மேல் பேசவில்லை. நானும் திருத்தவில்லை.

படுக்க வைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, ஈரல், பிறகு எச்.ஐ.வி. வாயில் இப்படி வந்தால் எல்லாருக்கும் பார்ப்போம் என்றார் நர்ஸ். இசக்கி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அது இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை வாங்கி நர்ஸிடம் ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முந்தியில் முடிந்துகொண்டாள். சர்க்கரை இருந்தது. நிறைய இருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக விளக்குக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது). தொண்டையில் மரத்துப் போக மருந்து அடித்தார்கள். குழாய் இறங்கியது. பக்கத்துத் திரையில் என் உள்பக்கம் தெரிந்தது. சிவந்த சுவர். அதில் வெள்ளை வெள்ளையாக, கார்டிங் மெஷினின் கீழே ஒட்டிக் கிடக்குமே, அதே போல. பார்த்ததும் மனதுக்குள் சொன்னேன்: பஞ்சேதான்.

குழாயை எடுத்ததும் கேட்டேன்.

"பஞ்சு எல்லாத்தயும் எடுத்தாச்சா டாக்டரம்மா?"

"என்ன பஞ்சு?"

மில்லைச் சொன்னேன். கருப்பட்டியைச் சொன்னேன். பிராந்தியால் கழுவியதையும், கடையில் வாங்கித் தின்ற மாத்திரையையும் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"பஞ்சுக்கு உயிரு கிடையாது ஐயா. இது உயிருள்ளது. வளருது. கள்ளு நுரைக்குல்லா, அதுக்குக் காரணம் ஈஸ்ட்டுன்னு ஒரு பூஞ்சை. இது அதுக்குச் சொந்தக்காரன். பேரு கேண்டிடா. எல்லாரு வாயிலயும் குடல்லயும் கொஞ்சம் இருக்கும். கூட இருக்கிற நல்ல கிருமிங்க அத அடக்கி வச்சிருக்கும்."

"பிராந்தி அதக் கொல்லாதா?"

"நீங்க குடிக்கிற பிராந்தில அது சாகாது. தொண்டைத் தோலுதான் வேகும். வெந்த தோல்ல இது நல்லா ஒட்டும். நோயை எதுக்குற சக்தியும் குடிச்சுக் குடிச்சுக் குறைஞ்சு போச்சு. குடல்ல இருந்த நல்ல கிருமியும் குலைஞ்சுட்டு. மிச்சம் இருந்ததக் கடை மாத்திரை கொன்னுட்டு. ரத்தத்துல சர்க்கரை. அதுக்கு மேல கருப்பட்டி வேற. இந்தப் பூஞ்சைக்கு விருந்துதான்."

"அப்ப எல்லாம் குடியாலதானா?" என்று இசக்கி கேட்டாள்.

"குடியால மட்டும்னு சொல்ல மாட்டேன்மா. குடிக்காதவங்களுக்கும் வரும். சர்க்கரைக்கே வரும். இவுங்களுக்கு ரெண்டும் சேந்துட்டு. சர்க்கரையை மாத்திரையால இறக்கலாம். குடியை நான் இறக்க முடியாது. புத்துநோய் மாதிரி ஒண்ணும் தெரியல. சதை எடுத்து அனுப்பிருக்கோம், அதுவும் வந்துரட்டும்."

வந்தது. புற்று இல்லை. இசக்கி அழுதாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஞ்சு என்றால் மில் கொடுத்தது. நான் குடித்தது மருந்து. பஞ்சு இல்லை என்றால் இருபத்தாறு வருஷம் நான் குடித்தது வெறும் குடி. டாக்டரம்மாவுக்கு மில் வேலை தெரியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை தொடங்கினார்கள். ஈரலும் கொஞ்சம் கெட்டிருந்தது, குடியோடு இந்த மாத்திரை கூடவே கூடாது என்றார்கள்.

இரண்டாம் நாளே கை நடுங்கியது. குளிர் என்றேன். மூன்றாம் நாள் மத்தியானம், வார்டில் வெயில் விழுந்துகிடந்தபோது, மேலேயிருந்து பஞ்சு கொட்ட ஆரம்பித்தது. கட்டில் மேல், டிரிப் பாட்டில் மேல், இசக்கி தலை மேல். நான் எழுந்து அவள் தலையைத் தட்டினேன்.

"என்னங்க செய்யுதிய?"

"பஞ்சு கொட்டுதுட்டி. கண்ணு தெரியலயா ஒனக்கு? மெஷின நிறுத்தச் சொல்லு."

அவள் ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டாள். அங்கே வைத்து உண்மையைச் சொன்னாள். தினமும். ரெண்டு குவார்ட்டர், சில நாள் மூணு. டாக்டரம்மா வந்தார். தினம் குடிக்கிற உடம்பு சட்டென்று நின்றால் இப்படி ஆகும், வலிப்பு வரும், உயிரும் போகும் என்றார். ஊசி போட்டார்கள். வைட்டமின் ஏற்றினார்கள். நான் தெளிய இரண்டு நாள் ஆயிற்று.

"மொதல்லயே சொல்லிருந்தா மொத நாளே மருந்து குடுத்திருப்பேன்ல ஐயா?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் உறைத்தது.

எனக்கு இரண்டு காரியம் தெரியும், அதைச் சொல்கிறேன். டாக்டரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். தினம் குடிக்கிறவர் வீட்டில் தனியாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

ஆறாம் நாள் கஞ்சி இறங்கியது. கத்தி இல்லை. அதில் போட்ட உப்பு நாக்கில் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் மொத்தம் மூன்று வாரம் மாத்திரை. வாய் சீக்கிரம் ஆறியது. வயிறு லேசில் ஆறவில்லை. உப்புவதும் போவதும் குறைய இரண்டு மாதம் பிடித்தது. அதுவரை மில்லுக்குப் போக வேண்டாம் என்றார்கள். சர்க்கரை மாத்திரை நின்றுவிடாது என்றும் சொன்னார்கள்.

இரண்டு மாதம் முடியும் நேரத்தில் கோயில் கொடைத் திருவிழா வந்தது. சுடலை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"சாமிக்குப் படைச்சதுவே. ஒரு மடக்கு. அதுக்கும் டாக்டரம்மாட்ட சீட்டு வாங்கணுமோ?"

ஒரு மடக்குதான் குடித்தேன். பிறகு இரண்டு நாள் குடித்தேன்.

பத்து நாள் போயிருக்கும். காலையில் வாயைத் திறக்கவே ஒரு மாதிரி இருந்தது. இசக்கி வந்து கண்ணாடியை என் முன்னால் வைத்தாள். டார்ச்சையும் வைத்தாள்.

"பாத்துக்கிடுங்க. மில்லுப் பக்கம் போயி ரெண்டு மாசம் ஆச்சு."

பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் வெள்ளை. தகட்டை எடுக்கவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதமாக என் மேல் ஒரு இழை பஞ்சு பட்டதில்லை. வேட்டி சுத்தம், புருவம் சுத்தம். மில்லை இனிமேல் சொல்ல முடியாது.

அன்றைக்கே திருநெல்வேலிக்குப் போனோம். திரும்பவும் மாத்திரை. இந்தத் தடவை குடியை நிறுத்த உதவுகிற டாக்டரிடமும் அனுப்பினார்கள். அதற்கு மாதம் ஒரு தடவை போகிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. நடையில் தெரிந்த முகம் நாலைந்து பார்த்தேன். அவர்களும் என்னைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

மில்லுக்குத் திரும்பிவிட்டேன். அதே புளோ ரூம். வாயைச் சுற்றித் துண்டு கட்டுகிறேன். கருப்பட்டி இல்லை, தண்ணீரால் கொப்பளிக்கிறேன். வேலை கஷ்டமில்லை. மூன்றரை மணிதான் கஷ்டம். மணி அடித்ததும் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும். வாயில் எச்சில் ஊறும். அந்த நேரத்துக்கு நான் ஆற்றுக்குப் போய்ப் படித்துறையில் உட்காருவேன். தண்ணீரைப் பார்ப்பேன். நாலரை வரைக்கும். ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. குடித்த காலத்தில் அது இருந்ததே இல்லை.

ஒரு நாள் அங்கே சுடலை வந்து சைக்கிளைச் சாய்த்தார்.

"என்னவே, டாக்டரம்மாவுக்குக் கம்பவுண்டரு ஆயிட்டீராம். இதப் பாரும்."

நாக்கை நீட்டினார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.

"பஞ்சுதானவே?"

"ஞாயித்துக்கெழமயும் இருக்கா?" என்று கேட்டேன்.

சுடலை ஆற்றைப் பார்த்தார்.

"இருக்கு."

"நாளைக்கு லீவு போடும். நானும் வாரேன்."

"எனக்கும் அந்தக் கொழாய விடுவாளோ?"

"விட்டா விடட்டும். பைய இறங்கும். எத்தன குடிக்கீருன்னு கேப்பாவ. உள்ளதச் சொல்லணும்வே."

"நீரு சொன்னீரா?"

"இல்ல. அதான் சொல்லுதேன்."

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார், வாயில் துண்டை வைத்துக்கொண்டு. டாக்டரம்மா கேட்டபோது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ள அளவைச் சொன்னார். படுக்க வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் குழாய் விட்டுப் பார்க்கக் கூட்டிப் போனார்கள்.

நான் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்த அதே பெஞ்சு. இசக்கி கொடுத்துவிட்ட தயிர்ச்சோற்றைத் திறந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு வாயும் எங்கே இறங்குகிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. நாக்கு, தொண்டை, நெஞ்செலும்புக்குப் பின்னால், அப்புறம் வயிறு. ஐம்பத்து மூன்று வருஷம் இது தெரியாமல் விழுங்கியிருக்கிறேன். தூக்குவாளியை மூடிவிட்டு, குழாய் விடும் அறையின் கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடலை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "மணி என்னவே?" என்று கரகரத்த குரலில் கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. மூன்றரை எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.