காஞ்சிபுரத்தில் ஒரு மாவிலை பார்டர்

எழுபத்திரண்டில், ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்குச் சென்னை பிராட்வேயில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். டிக்கெட் இரண்டு ரூபாய் முப்பது காசு. தோளில் ஒரு துணிப்பை. அதில் மாற்று உடுப்பு, படம் வரையும் நோட்டு ஒன்று, கடிதங்கள் இரண்டு. அந்தக் கடிதங்களுக்காகத்தான் இந்தப் பயணமே.

ஒன்று கல்லூரியிலிருந்து வந்தது: எம்.எஸ்ஸி. தாவரவியலில் இடம் கிடைத்திருக்கிறது, செவ்வாய்க்கிழமைக்குள் வந்து சேரவும். மற்றது அப்பா எழுதியது: திருநெல்வேலியில் ஒரு வங்கியில் குமாஸ்தா வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது, திங்கட்கிழமை மாலைக்குள் சம்மதம் என்று தந்தி கொடு. அப்பா அம்பாசமுத்திரத்தில் தாலுகா ஆபீஸில் இருந்தார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் 'தழை பொறுக்கி'. எங்கே போனாலும் இலையையும் பூவையும் பொறுக்கிக்கொண்டு வந்து நோட்டில் வரைவேன். அதை எல்லோரும் பொழுதுபோக்கு என்றார்கள். பொழுது போனது உண்மைதான். பாடம் படிக்க வேண்டிய பொழுதும் அதோடு சேர்ந்து போனது.

உண்மையைச் சொன்னால் எனக்கு இரண்டிலும் பயம். வங்கிக்குப் போனால் நோட்டை மூடி வைக்க வேண்டும். எம்.எஸ்ஸி. படித்தால் அதற்கப்புறம் என்ன ஆவேன் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. விடுதியில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த முனிரத்தினம் காஞ்சிபுரத்துக்காரன். "எங்க ஊருக்கு வாடா, மூணு நாள் இருந்து யோசிச்சு முடிவு பண்ணு" என்று கார்டு போட்டிருந்தான். கிளம்பிவிட்டேன்.

பூந்தமல்லி தாண்டியதும் கண்டக்டர் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னாபா, கல்யாணப் பட்டு எடுக்கவா?"

"இல்ல அண்ணாச்சி, கொஞ்சம் யோசிக்கணும். அதுக்குத்தான்."

"யோசிக்கறதுக்கு டிக்கெட் வாங்கிக்கினு போற ஆள இன்னிக்குத்தான்பா பாக்கறேன்" என்று சொல்லி அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

ஸ்ரீபெரும்புதூரைக் கடந்தால் வழியெல்லாம் ஏரிகள். ஜூன் மாதமானதால் பாதி ஏரிகளில் மாடு மேய்ந்தது. பதினொன்றுக்குக் காஞ்சிபுரம். எங்கே திரும்பினாலும் ஒரு கோபுரம் நின்றது. எங்கள் ஊரில் ஒரு கோபுரத்தை வைத்துத் திசை கண்டுபிடிப்போம். இங்கே அப்படிச் செய்தால் வீடு போய்ச் சேர முடியாது. நெசவாளர்கள் இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா எட்டணா கேட்டது, கொடுத்தேன்.

முனிரத்தினம் தன் அக்கா வீட்டில் இருந்தான். அக்கா பெயர் சரோஜா, முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் கணவர் தேவராஜ் சொந்தமாக நாலு தறி வைத்திருந்தார். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசிக்கொண்டார்கள், என்னிடம் தமிழ். கூடத்திலேயே தறிகள். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிற தறி. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலையாகத் தொங்கின. ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை நகரும். அட்டையில் எங்கே ஓட்டையோ அதற்கேற்ற இழை எழும்பும். கீழே ஜரிகையில் அன்னமோ மாங்காயோ கொஞ்சம் கொஞ்சமாக உருவாகும். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அந்த அட்டைகளுக்கான படத்தைக் கட்டம் போட்ட காகிதத்தில் போடுகிறவள் சரோஜா அக்கா. ஒரு கட்டத்தை நிரப்பினால் அந்த இடத்தில் ஜரிகை. விட்டுவிட்டால் வெறும் பட்டு. அவள் கை பென்சிலை ஓட்டிய வேகத்தைப் பார்த்து, படம் வரைகிறவன் என்று என்னை நானே சொல்லிக்கொண்டதற்கு வெட்கப்பட்டேன். ஐந்து தெருவுக்கு அவள்தான் படம் போடுகிறாள் என்றான் முனிரத்தினம். அவனுக்கு அதில் பெருமை.

அன்று மாலை நாலரைக்குக் கைலாசநாதர் கோயில். பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே போகலாம். கூட்டமே இல்லை. சுற்றுச் சுவரை ஒட்டி ஐம்பத்தெட்டு சிறு சன்னதிகள், தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் யாளிகள். மணற்கல் மாலை வெயிலில் பொன்னாக இருந்தது. எந்த யாளிக்கும் பக்கத்து யாளியின் மூக்கு இல்லை. இதை முனிரத்தினத்திடம் காட்டினேன். "மழைல கரைஞ்சிருக்கும்டா" என்றான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தெருவில் ஒரு காட்சி. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். புடவையின் நெடுக்கு இழைகள்தான் பாவு. மயில்கழுத்து நிறத்தில் ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். வீட்டுக்கு ஒருவராக வந்து பிடித்து, அறுந்ததைத் தேடித் தேடி முடிந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த பால்காரர் சைக்கிளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்தாரே தவிர ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்த ஊர் மேல் எனக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது.

எட்டு மணிக்கு ஏகாம்பரநாதர் கோயில். தாவரவியல்காரனுக்கு அங்கே சாமிக்கு முன்னால் மாமரம். நாலு கிளை, நாலு வேதம், நாலு ருசி என்று குருக்கள் சொன்னார்.

"நாலு ருசியும் நீங்க பாத்திருக்கீங்களா சாமி?" என்று கேட்டேன்.

"நேக்குக் கிடைச்சதெல்லாம் புளிப்பு ஒண்ணுதான். பாக்கி மூணும் பாக்கியசாலிகளுக்கு" என்று சிரித்தார். மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

மரத்தடியில் ஒரு கொத்து மாவிலை உதிர்ந்து கிடந்தது. அதில் ஓர் இலையின் ஓரத்தைப் பூச்சி கடித்திருந்தது. கடி என்றாலும் அழகான கடி, கத்தரித்ததுபோல அரைவட்டம். பிராகாரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதை வரைந்தேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் தேவராஜ் என் நோட்டைப் புரட்டினார். மாவிலை வந்ததும் நின்றார்.

"மாங்கா பார்டர் ஊர்ல எல்லாரும் போடறாங்க. மாவிலை பார்டர் இதுவரிக்கும் நான் பாக்கல. சரோ, இது தறிக்கு வருமா?"

"ஏன் வராது? தம்பியே கட்டத்துல போடட்டும். நான் பக்கத்துல இருக்கறேன்" என்றாள் அக்கா.

தேவராஜ் என் பக்கம் திரும்பினார். "தோ பாருபா. இவளுக்கு மூணு பேர் வேலை இருக்குது. படம் போட இன்னொரு ஆள தேடிக்கினே இருக்கறேன். இது நல்லா வந்துச்சின்னா நீ இங்கியே இருந்துடு. மாசம் நூத்தம்பது, சாப்பாடு நம்ம வூட்ல."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வங்கி வேண்டாம், பரீட்சையும் வேண்டாம், வரைந்துகொண்டே பிழைக்கலாம்! தழை பொறுக்கியின் தழை கல்யாணப் பெண்ணின் இடுப்பில் ஏறப்போகிறது! அப்பாவுக்கான தந்தியை அந்த நிமிஷமே மனத்துக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

மாலை ஆறு வரை கட்டம் கட்டமாக இலையை ஏற்றினேன். அளவு மாறுகிற இடங்களில் மட்டும் அக்கா கையைக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு அட்டைக்கு ஓர் இலை. ஞாயிற்றுக்கிழமை காலை அவளே அட்டைகளில் ஓட்டை போட்டாள். ஒரு தறியில் புடவை முடிந்து, பாவில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. வெள்ளோட்டம் பார்க்க அதுவே போதும் என்றார் தேவராஜ். பத்து மணிக்கு அவர் குழியில் இறங்கினார். பார்டர் பக்கம் முனிரத்தினம் உட்கார்ந்து, அதன் குறுக்கு இழையை ஓட்டுகிற தனி நாடாவை வீசினான். தாவரவியல் வகுப்பில் தூங்கி விழுகிறவன், இங்கே கையைப் பார்க்காமலே வீசினான்.

முதல் இலை வந்தது. இரண்டாவது வந்தது. தேவராஜ் நிறுத்தி, இழையைத் தடவிப் பார்த்து, மேலே ஏறி அட்டைகளை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி நெய்தார். பின்னால் நின்ற எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். என் இலை அப்படியே வந்திருந்தது. ஏழாவது இலைக்கு அவர் நாடாவைக் கீழே வைத்தார்.

"இன்னாடா இது, எல்லா இலையையும் ஆடு கடிச்சிருக்குது?"

முனிரத்தினம் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். ஏழு இலை, ஏழிலும் ஒரே இடத்தில் ஒரே அரைவட்டம். பூச்சி கடித்த இடத்தையும் நான் கட்டத்தில் நிரப்பாமல் விட்டிருந்தேன். அது இல்லாமல் அந்த இலையை வரையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"காலேஜ் படிச்ச புள்ள, ஏதோ நரம்புன்னு வுட்டுட்டேன். புடவ முழுக்க நெய்ஞ்சிருந்தா ஆயிரம் இலையிலயும் ஓட்டை வந்திருக்கும்" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அதுனால இன்னா? அட்டைய மாத்திக்கலாம். இலை சூப்பரா இருக்குது. ஆளு நம்ம ஆளுதான்" என்றார் தேவராஜ். வேலை கைவிட்டுப் போகவில்லை.

அக்கா கட்டக் காகிதத்தை எடுத்து மடியில் வைத்து, பென்சிலால் பன்னிரண்டு கட்டங்களை நிரப்பினாள். அரை நிமிஷ வேலை. கடி மறைந்தது. இலை முழுசானது, பார்க்க லட்சணமாகவும் இருந்தது. எனக்கு மட்டும், யாரோ என் கண்ணெதிரில் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போடச் சொன்னதுபோல இருந்தது. அப்படி நினைத்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது. அந்த வீட்டில் பொய் எதுவும் இல்லை. இருபது பேர் கை பட்டு, ஓர் இழை பிசகாமல், ஆயிரம் இலையையும் ஒரே இலையாகக் கொண்டுவருகிற வித்தை அது. அந்த வித்தைக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

"அந்த இலையில நெஜமாவே கடிச்சிருந்துச்சுக்கா" என்றேன்.

"கடிச்சிருக்கட்டும் தம்பி. கட்டிக்கப் போற பொண்ணு அத்தக் கேப்பாளா?"

"கேக்க மாட்டா."

"அப்ப யாருக்கு வேணும்?"

வேறு யாருக்கு, எனக்குத்தான். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா பூச்சி அது?"

"தெரியலக்கா. கருவண்டா இருக்கலாம். வேறயாவும் இருக்கலாம்."

"அங்க காலேஜ்ல சொல்லித் தருவாங்களா?"

"தெரியாது. நாமளே கண்டுபிடிக்கணும்."

"அப்ப போய்க் கண்டுபுடி. இங்க இருந்தின்னா தெனம் ஒரு இலைக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிப்ப. எனுக்கு அத்தப் பாக்க முடியாதுபா" என்றாள். தெலுங்கில் கணவரிடம் ஏதோ சொன்னாள். அவர் "அய்யோ, நல்ல கையாச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முனிரத்தினம் என்னைத் தபாலாபீசுக்கு சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். கவுண்டரில் இருந்தவர் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பேங்க் வேலைய வேணாங்கறியா? நல்லா யோசிச்சிக்கினியா தம்பி?" என்று கேட்டார். யோசித்துவிட்டேன் சார் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு முத்திரை குத்தினார்.

நாளைக்குக் கல்லூரியில் சேர வேண்டும். பத்தரை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எங்கள் ஊரில் வருஷம் முழுக்க ஆற்றில் தண்ணீர் ஓடும், இரண்டு போகம் விளையும்; அதனால் யாரும் எதற்கும் அவசரப்பட மாட்டார்கள். இங்கே பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. பட்டுப் புழுவும் இந்த ஊரில் இல்லை, ஜரிகையும் இந்த ஊரில் விளையவில்லை. எல்லாம் வெளியிலிருந்து வருகிறது. கை மட்டும் இவர்களுடையது. அந்தக் கையை வைத்து ஊர் உலகத்துக் கல்யாணங்களை எல்லாம் இவர்கள் நடத்திவைக்கிறார்கள். இப்படி ஓர் ஊரில் இருக்கச் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் வரும்போது அப்பாவின் நினைவு வந்தது. தந்தி இந்நேரம் அம்பாசமுத்திரம் போயிருக்கும். தந்தியில் காரணம் எழுத இடம் இல்லை. ஊருக்குப் போனால் ஏன் என்று கேட்பார். சம்பளம், எதிர்காலம், பேராசிரியர் வேலை என்று அவருக்குப் பிடித்த மாதிரி நாலு காரணம் தயார் செய்துகொள்ளலாம் என்று முயன்று பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. ஒரு மாவிலையில் பன்னிரண்டு கட்டத்தை ஒரு புண்ணியவதி நிரப்பினாள், எனக்குப் பொறுக்கவில்லை. இதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும். வேறு காரணம் என்னிடம் இல்லை.