வியாழக்கிழமைச் செவர்லெட்

கந்தப்பன் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பான். சேலத்துப் பக்கமிருந்து ஒரு மோட்டார் சத்தம் கேட்டுவிட்டால் அவ்வளவுதான். கயிற்றை அப்படியே விட்டுவிட்டு, ஓடையைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிடுவான். மாடுகள் இரண்டும் பள்ளத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். சால் பாதிக் கிணற்றில் தொங்கி ஒழுகும்.

"கந்தப்பா, உன் மச்சான் பிளசர்ல வாரானாட்ட இருக்குது, போயிக் கையைப் புடிச்சுக் கூட்டியா" என்று பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் கத்துவான்.

மல்லூருக்குத் தெற்கே, சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் காடும் கிணறும் வீடும். பெண்டாட்டி அத்தாயி கல்யாணமாகி வந்த அன்றே இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டாள். வருகிற வழியில் ஒரு பாலத்தடியில் யாரோ ஜமீன்தார் கார் சூடேறி நின்றது. மாப்பிள்ளை வண்டியிலிருந்து குதித்தவன்தான். புதுப்பெண் வெயிலில் காய, அவன் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். திரும்பி ஏறியதும், "அதோட கண்ணைப் பாத்தியா? தவளைக் கண்ணாட்ட ஒசரத் தூக்கி வெச்சிருக்குது" என்றான். அதுதான் அவன் அவளிடம் பேசின முதல் பேச்சு. கோபித்துக்கொண்டாளா என்றால், இல்லை. அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதற்கு யார் என்ன செய்ய முடியும்!

அப்புறம் தினமும் சோறு போடும்போது, "இன்னிக்கி என்ன போச்சுங்க?" என்று அவளே கேட்பாள். அவன் சொல்லுவான். மூக்கு நீண்டது போச்சு, முதுகு கூன் விழுந்தது போச்சு, கூரையைச் சுருட்டி மடக்கிக்கொண்டு ஒன்று போச்சு. எழுத்துத் தெரியாது. போர்டு, ஆஸ்டின், செவர்லெட் என்று டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு வைத்துக்கொண்ட பேர்கள்தான். கோடையில் துரைமார்கள் ஏற்காடு ஏறுகிற காலத்தில், மகள் ராசாத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு அஸ்தம்பட்டி வரைக்கும் நடந்துபோய் நின்று பார்த்துவிட்டு வருவான். அந்தக் குட்டியும் அப்பனைப் போலவே. உதட்டை ஒட்டவைத்து, பொர்ர்ர் என்று எச்சில் தெறிக்க ஓட்டும்.

சத்தத்தை வைத்தே இன்ன கார் என்று சொல்லிவிடுவான். சின்னண்ணன் நம்பாமல் அவன் கண்ணைக் கட்டி ரோட்டோரம் உட்காரவைத்து, ஒரு சேவலைப் பந்தயம் வைத்துத் தோற்றான். அந்தக் குழம்பை அவனும் வந்து தின்றான் என்பது வேறு விஷயம்.

சீமையில் சண்டை வந்தது. பெட்ரோலுக்கு அளவு வைத்தார்கள். பஸ்ஸும் லாரியும் முதுகில் பெரிய தகரப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட ஆரம்பித்தன. இழுப்பு வந்த கிழவனைப் போல ஒரு சத்தம். கந்தப்பனுக்கு அது பிடிக்காது. கரிவண்டி என்றால் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டான்.

பிளசர் கார்கள் குறைந்துபோனாலும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா வியாழக்கிழமை தவறாமல் ராசிபுரம் போவார். கறுப்புச் செவர்லெட். வழியில் யார் கை காட்டினாலும் நிறுத்திப் பார்ப்பார்.

அந்த ஐப்பசியில் ராசாத்திக்குக் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை மூச்சு இழுத்தது. வியாழன் விடிந்தபோது விலா உள்ளே போய்ப் போய் வந்தது. மாட்டு வண்டியில் சேலம் போனால் அரை நாள் ஆகும். டாக்டரம்மா உச்சிக்குள் இந்தப் பக்கம் வந்துவிடுவார். காத்திருப்பதுதான் நல்லது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். கந்தப்பன் விடியற்காலையே போய் ரோட்டில் நின்றுகொண்டான்.

வெயில் ஏறுகிற நேரத்தில் பிள்ளைக்குக் கையும் காலும் வெட்டி இழுத்தது. அத்தாயி போட்ட கூச்சலில் அவன் ஓடிவந்தான். வாரி மடியில் போட்டுக்கொண்டதும் இழுப்பு நின்றது. பிள்ளை கண்ணைத் திறந்து, "அப்பா, பொர்ர் சொல்லு" என்றது. அவன் சொன்னான். நிறுத்தினால் சிணுங்கியது. மறுபடியும் சொன்னான்.

"ரோட்டுக்குப் போங்க, நான் புள்ளையப் பாத்துக்கறேன்."

"அது ஏரிக்கரைத் திருப்பத்துல வாரபோதே எனக்குக் கேக்கும், அத்தாயி. ஒரே ஓட்டமா ஓடிருவேன். புள்ள இப்பத்தான் அடங்கியிருக்குது."

ஊட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடை. கரை நெடுகப் புளியமரம். சத்தம் வருமே தவிர ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் வந்தது. கரகரவென்று, ஏற முடியாமல் முக்கி முனகிக்கொண்டு.

"ஏனுங்க, போயிப் பாருங்க."

"கரிலாரி அது."

"எதுக்கும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்களேன்!"

"எனக்குத் தெரியாதா புள்ளே?" என்றான். ஊரெல்லாம் நம்பின காது. அவளும் நம்பினாள். சத்தம் மெதுவாக ஊர்ந்து, தெற்கே போய், தேய்ந்துபோயிற்று.

உச்சி சாய்ந்தும் செவர்லெட் வரவில்லை. ஆடு மேய்க்கிற ரங்கன் தண்ணீர் குடிக்க வந்தவன், இவர்கள் காத்திருப்பதைக் கேட்டுவிட்டு முழித்தான். "டாக்டரம்மா அப்பவே போயிட்டாங்களே! அவுங்க காருக்கும் பொறத்தால கரிப்பீப்பாய் கட்டியாச்சு. நீங்க பாக்கலீங்களா?"

கந்தப்பன் பிள்ளையை அத்தாயி மடிக்கு மாற்றினான். வண்டியைப் பூட்டினான். வழியெல்லாம் மாட்டை அடித்தான். மாட்டைக் கையால்கூட அடிக்காதவன் அவன். கொண்டலாம்பட்டி வருவதற்கு முன்னாலேயே அத்தாயியின் மாராப்பைப் பிடித்திருந்த சின்னக் கை விட்டுவிட்டது. அவள் உடனே சொல்லவில்லை. சேலம் வரைக்கும் போகட்டும், அதுவரைக்கும் அவனுக்குப் பிள்ளை இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? காதை நம்பிப் பிள்ளையைத் தொலைத்தான் என்றது. "ஆரு சொன்னது? சொன்னவிய என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லோணும்" என்று அத்தாயி கிணற்றடியில் நின்று கேட்டாள். ஒருவரும் வரவில்லை. ஆனால் அவனே அதைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான்; அவன் வாயை யார் அடைப்பது? சோறு தின்னவில்லை. மாடு கட்டவில்லை. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் குத்தவைத்தே கிடந்தான். பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இவனையும் கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அடுத்த வியாழக்கிழமை அந்த முனகல் சத்தம் கேட்டதும் எழுந்து போனான். அத்தாயி வெளியே வந்து பார்த்தபோது, ஓடையைத் தாண்டிப் பெட்டியும் கையுமாக டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். பின்னால் அவன். நடு ரோட்டில் போய் நின்றிருக்கிறான். யாருக்கு உடம்பு என்று கேட்டதற்கு, வாய் வராமல் ஊட்டைக் கை காட்டியிருக்கிறான்.

"எங்கம்மா, யாருக்கு என்ன?" என்று டாக்டரம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் கட்டில்தான் கிடந்தது.

"உக்காருங்க சாமி" என்றாள் அத்தாயி. அந்தக் கட்டிலையே துடைத்துப்போட்டாள். பிறகு சொன்னாள். காய்ச்சல் வந்தது, மூச்சு இழுத்தது, விலா உள்ளே போனது, வெட்டு வந்தது. டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டு வந்தது. கந்தப்பன் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கே நான் வந்து பார்த்திருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்.

அத்தாயி பட்டென்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். காதோரம் குனிந்து, அவனுக்குக் கேட்காமல், "பொழச்சிருக்காதுன்னு சொல்லுங்க சாமி. உங்க காலுல உழுவுறேன். அவுங்க காதுல உழுவுற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"நான் வந்து பார்த்திருந்தாலும் பிழைச்சிருக்காதுப்பா" என்று உரக்கச் சொன்னார்.

கந்தப்பன் நிலையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தான். அந்த ஏழு நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அழட்டும் என்று அத்தாயி விட்டுவிட்டு, டாக்டரம்மாவுக்கு மோர் கரைக்கப் போனாள்.

அவர் முதலில் என்ன சொல்ல வந்தார்? மோரைக் கரைத்துக்கொண்டே அவள் அதைத்தான் நினைத்தாள். கேட்கலாம்தான், ஓடை வரைக்கும் வழியனுப்பப் போகிற சாக்கில் கேட்டுவிடலாம். போனாள். அவர் ஓடையைத் தாண்டிக் காரில் ஏறுகிற வரைக்கும் நின்றாள். கேட்கவில்லை.