கோடையில் சுட்ட குண்டு

போன வாரம் ஒஸ்லோவின் ரொம்சோஸில் ஒரு தோழியைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்றாம் மாடிக்கு ஏறும்போது யார் வீட்டிலோ சிவப்பரிசி மா வறுக்கிற மணம். அந்த மணத்துக்கு உங்களுக்குப் புட்டு நினைவு வரலாம், அதுதான் நியாயம். எனக்கு ஒரு கௌபாய்ப் படம் நினைவு வந்து, படியிலேயே நின்றுவிட்டேன். கதவைத் திறந்து பார்த்த தோழி மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். ஓம் என்று சமாளித்தேன். மணத்துக்காக நின்றேன் என்று சொன்னால் காரணமும் சொல்ல வேண்டி வரும், அது நீளமான கதை.

உங்களிடம் சொல்லலாம். நாங்கள் ஒஸ்லோவில் ஒரு தமிழ்க் கௌபாய்ப் படம் எடுத்தோம். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க வந்தவர்களே முழுதாகப் பார்க்கவில்லை.

படத்தின் மூளையும் முதலும் சீலன் அண்ணை. பேருந்து ஓட்டுகிறவர். பன்னிரண்டு வயதில் நோர்வேக்கு வந்து, தொலைக்காட்சியில் போட்ட கௌபாய்ப் படங்களின் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து மொழி பிடித்தவர். அதனால் நோர்வேஜிய மொழியில் ‘நன்றி’ சொல்லப் பழகும் முன்பே ‘துவக்கைக் கீழே போடு’ என்று சொல்லப் பழகிவிட்டார் என்பது அவருடைய மனைவி வாணி அக்காவின் குற்றச்சாட்டு. நான் அப்போது படத்தொகுப்புப் படித்து முடித்த சூட்டில் இருந்தேன். இருபத்திரண்டு வயது. உலகத்தில் உள்ள எல்லாப் படங்களும் இருபது நிமிடம் அதிகம் என்பது என் கொள்கை.

எங்கள் அளவுக்கு அது மிகப் பெரிய படம். லோறென்ஸ்கூக்கில் இருந்த வீட்டை வங்கியில் அடகு வைத்துவிட்டார் அண்ணை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட சரளைக்கல் குழி ஒன்றில் ஒரு முழுத் தெருவைப் பலகையால் எழுப்பினோம். சாராயக்கடை, சிறை, குதிரை கட்டும் கம்பம் எல்லாம் இருந்தன. காலையில் குழிக்குள் பனிமூட்டம் இறங்கி நிற்கும். அதற்குள்ளிருந்து முதலில் கூரை நுனிகள் தெரியும், பிறகு ஜன்னல்கள், பிறகு கதவுகள். யாரோ கனவு கண்டு பாதியில் விழித்துவிட்டதுபோல் இருக்கும். நான் தேநீரை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பனிக்குள்ளிருந்து குதிரைகள் வரும்போது மட்டும் அந்த மயக்கம் கலையும். கிடைத்தது நோர்வேயின் சொந்த இனம், வெண்ணெய் நிறம், சீவிவிட்ட பிடரி, குள்ளம். எங்கள் கதாநாயகன் பிரபு ஆறடிக்கு மேல். கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்தவர். ஏறி உட்கார்ந்தால் குதிரைக்கு ஆறு கால். படத்தில் ஊர் முழுக்க யாழ்ப்பாணத் தமிழ் கதைக்க, நான் மட்டும் ஏன் கோயம்புத்தூர்த் தமிழ் பேசுகிறேன் என்று அவர் ஒருநாள் நியாயமாகவே கேட்டார். அண்ணை அரை நிமிடம் யோசித்தார்.

“வெளியூரான் எண்டு வச்சிடுவம்.”

அந்த நாள்களில் வாணி அக்கா வீட்டில் சட்டி சட்டியாக மா வறுத்தார், சாப்பிடுவதற்கு அல்ல. கௌபாய்ப் படத்துக்குப் புழுதி வேண்டும். ஒஸ்லோவில் புழுதிக்கு எங்கே போவது, பத்து நாள் வெயிலடித்தாலும் மண் ஈரமாகவே கிடக்கும். வறுத்த சிவப்பரிசி மாவுக்குப் பாலைவன நிறம் என்று கண்டுபிடித்தது அண்ணைதான். இரண்டு பெரிய காற்றாடிகளை வைத்து ஊதினோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகு. சாய்ந்த வெயிலில் தெரு முழுக்கப் பொன்னிறமாக எழும்பி, இறங்க மனமில்லாமல் நின்றது. அதைப் பார்த்தபோது இந்தப் படம் ஓடிவிடும் என்று நானே நம்பினேன். பிறகு தூறல் விழுந்தது. பிரபுவின் மீசை, தொப்பி, குதிரையின் முதுகு எல்லாம் ஒரே மா. குதிரை திரும்பி அவருடைய முழங்காலை நக்கத் தொடங்கியது.

“ஏங்க, இது என்னைச் சாப்பிடப் பாக்குதுங்க.”

“பயப்பிடாதை தம்பி, நான் உப்புப் போடேல்லை,” என்றார் வாணி அக்கா.

மழையால் நாள்கள் தள்ளிப்போக, பிரபுவின் விடுமுறையும் முடிந்துவிட்டது. அவருக்கு மறுபடி நாள் கிடைத்தது இலையுதிர் காலத்தில். முக்கியமான துப்பாக்கிச் சண்டை பாதியில் நின்றிருந்தது. வில்லன் அண்ணையேதான். அவர் சுடும்போது பின்னால் மரங்கள் பச்சைப் பசேல். குண்டு வந்து பிரபுவின் தோளில் படும்போது அதே மரங்கள் மஞ்சள். கோடையில் சுட்ட குண்டு மூன்று மாதம் பறந்து போய்ச் சேர்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது, சத்தியமாக. மெதுவாக நடக்கிற கனவு மாதிரி.

படத்தைக் கவிழ்த்தது மழையல்ல, எங்களுடைய ஒரு வழக்கம்.

எங்கள் கலியாண வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வந்த ஒவ்வொரு குடும்பமும் மேடையேறி, மணமக்களோடு நின்று, வீடியோவில் பதிய வேண்டும். ஒரு குடும்பம் விடுபட்டால் அந்தப் பேச்சு பத்து வருடம் போகும். அண்ணை படத்தையும் அப்படித்தான் எடுத்தார். பலகை தந்தவர், வேன் தந்தவர், ஐம்பது பேருக்குச் சோறு சமைத்தவர் எவரும் கூலி வாங்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வாக்கு: உங்கடை முகம் திரையிலை வரும். ஆகவே எங்கள் பாலைவன ஊரில் எழுபது குடும்பங்கள். தெருவைக் கடக்கிறார்கள், தொப்பியைத் தூக்குகிறார்கள், சாராயக்கடையில் குந்தியிருந்து ரோல்ஸ் சாப்பிடுகிறார்கள். ஒருத்தரும் கெதியாக நடக்கவில்லை. முதல் தொகுப்பு மூன்று மணி நாற்பது நிமிடம் வந்தது.

திரையரங்கு ஆள் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரண்டு மணிக்குள் முடிந்தால் நான்கு நகரங்களில் மாலைக் காட்சி தருவார். இல்லையென்றால் ஒஸ்லோவில் ஒரேயொரு ஞாயிறு காலை. அந்த ஒரு காலையில் வீடு மீளாது என்பது எனக்கே தெரிந்தது. அண்ணைக்குச் சொல்லாமல், அவருடைய வீட்டு நிலவறையிலேயே இருந்து, நான் இன்னொரு படம் வெட்டினேன். தொண்ணூற்று நான்கு நிமிடம். பிரபு, அண்ணை, இன்னும் இரண்டு பேர், குதிரைகள், புழுதி, அமைதி. அது நல்ல படம். தற்பெருமைதான், ஆனாலும் நல்ல படம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் அண்ணை எழும்பி விளக்கைப் போட்டார்.

“இது நான் எடுக்க நினைச்ச படம், பிள்ளை.”

“அப்ப இதையே விடுவம் அண்ணை.”

“விடலாம். வீடும் தப்பும்.” முகத்தைக் கையால் துடைத்தார். “ஆனா ஆக்களை எங்கை? அவ்வளவு பேருக்கும் நான் சொன்னனான் எல்லே.”

நான் கத்தினேன். கலியாண வீடியோவுக்கு ஒருத்தரும் டிக்கெட் எடுக்கமாட்டினம் என்றேன். வாணி அக்கா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீடும்தானே. அவர் தனக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “அவர் சொன்னது சொன்னதுதான்,” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

நீளப் படம்தான் போனது. சனம் சிரமப்படக் கூடாதென்று அண்ணை ஒரு காரியம் செய்தார். எந்தக் குடும்பம் எத்தனையாவது நிமிடத்தில் வரும் என்று ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பிவிட்டார். நான் அரங்கின் பின்வரிசையில் நின்றேன். நூற்றைந்தாம் நிமிடத்துக்காரர் நூறாவது நிமிடத்தில் வந்தார்கள். தங்கள் முகத்தைக் கண்டார்கள், கைதட்டினார்கள், பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிப் புறப்பட்டார்கள். கலியாண மேடையில் படமெடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிற அதே முகமலர்ச்சி. கோடையில் சுட்ட குண்டு இலையுதிர் காலத்துக்குப் பறந்தபோது அரங்கில் இருந்தது ஏழு பேர். அதில் நான், வாணி அக்கா, அண்ணை, பிரபு. அண்ணை திரும்பி வெற்று நாற்காலிகளைப் பார்த்தார். எல்லாரும் சந்தோசமாப் போச்சினம் என்றார், குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா தெரியவில்லை.

வசந்தத்துக்கு முன் வீடு போனது. ட்வெய்ட்டாவில் ஒரு சின்ன வாடகைக் குடியிருப்பு, பிறகு வடக்கே ஒரு துறைமுக ஊர். பலகைத் தெருவைக் கழற்றி விறகாகக் கொடுத்தார்கள். சரளைக்கல் குழியை நிரவி மாடி வீடுகள் கட்டியாயிற்று, அந்த முகவரியில் இப்போது என்னுடைய பல் வைத்தியர் இருக்கிறார்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் தோழியிடம் நான் பேச்சையே எடுக்கவில்லை. போகும்போது அண்ணை நீளப் படம் இருந்த கணினி வட்டை என்னிடம் தந்து, கவனமாக வைத்திரு என்றார். வேறு பிரதி இல்லை, எடுக்க அவரிடம் மனமும் இருக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு விளம்பர வேலைக்கு எனக்கு வட்டில் இடம் தேவைப்பட்டது. யாரும் பார்க்காத படம்தானே என்று நினைத்தேன். கோபமும் மிச்சமிருந்தது. அழித்துவிட்டேன். என்னுடைய தொண்ணூற்று நான்கு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இந்தக் குளிர்காலத்தில், படத்தில் வந்த குடும்பமொன்றின் பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். தகப்பன் தவறி நாற்பது நாள். தெருவைக் கடக்கிற அப்பா மட்டும் போதும் அக்கா, நடக்கிறதை ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்லை, என்றாள். தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். பிறகு அண்ணைக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“உன்ரை படத்திலை ஆர் ஆர் மிச்சம்?”

“நாலு பேர் அண்ணை. குதிரையள்.”

“தெருவிலை நடந்த சனத்திலை பாதிப் பேர் இப்ப இல்லை, பிள்ளை,” என்றார். பிறகு, அங்கே பனி கொட்டுகிறதா என்று கேட்டார்.

அன்றைக்கு என் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நடுவே ஒரு காட்சி, வெறும் தெரு, புழுதி மட்டும் அடங்குகிறது. ஆள்கள் நடக்கத் தொடங்குமுன் இருந்த மூன்று விநாடியை எடுத்து அதைச் செய்திருந்தேன், எனக்குப் பெருமையான வெட்டு. அந்தக் காட்சியின் கடைசிப் படச்சட்டத்தில் நிறுத்திப் பார்த்தேன். வலது ஓரத்தில், தரையில், தொப்பி போட்ட ஒரு நிழல் உள்ளே வருகிறது. யாருடையது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்டியிருக்கிறேன்.